அப்பாவின் சிண்டோபா மாத்திரை: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் தொகுத்துக்கொள்கிறேன். 67 வயதான உங்கள் தந்தைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் பார்க்கின்சன் நோய் உறுதியானது. சிண்டோபா 110 மாத்திரையை மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துவருகிறார். காலை மாத்திரை நன்றாகக் கேட்கிறது. மதிய மாத்திரை பல நாள் கேட்பதே இல்லை. குமட்டலும் இருக்கிறது, அதற்கு மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறீர்கள். இந்த மருந்து ஐந்து ஆண்டுதான் வேலை செய்யும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, அவரே சில வேளைகளை விட்டுவிடுகிறார். பூனைக்காலிப் பொடிக்கு மாறலாமா என்றும் யோசிக்கிறீர்கள். இதைப் பாதுகாப்பாக எடுப்பது எப்படி என்பது உங்கள் கேள்வி. ஆனால் இந்த மாத்திரை அப்பாவுக்கு நல்லது செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்ற ஐயம்தான் அதற்கு அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நான் மருந்தாளுநர், நரம்பியல் மருத்துவர் அல்லன். உங்கள் தந்தையை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே மாத்திரையை இத்தனையாகக் கூட்டுங்கள், குறையுங்கள் என்று இதில் எங்கும் சொல்லமாட்டேன்; அது அவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் நரம்பியல் பிரிவின் மருந்துச் சீட்டுகளைப் பல ஆண்டுகளாகச் சரிபார்த்தும், மாத்திரை வாங்க வரும் குடும்பத்தாரிடம் பேசியும் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிண்டோபாவின் முதன்மை மருந்தான லெவோடோபா தானாகச் செய்யும் கெடுதலைவிட, பயந்து அதைக் குறைப்பதாலும், பொருந்தாத நேரத்தில் விழுங்குவதாலும், அதற்கு நேர் எதிராக வேலை செய்யும் வேறு மாத்திரைகளை அறியாமல் சேர்ப்பதாலும் வரும் கெடுதலே அதிகம். நீங்கள் எழுதியிருப்பதில் இந்த மூன்றுக்கும் இடம் இருக்கிறது.

சிண்டோபா இரண்டு மருந்துகளின் கூட்டு. பார்க்கின்சன் நோயில், நடுமூளையில் டோபமைனைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிகின்றன. டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முன்னோடியான லெவோடோபா நுழைந்து, உள்ளே டோபமைனாக மாறும். ஆனால் லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்தால் அதன் பெரும்பகுதி மூளையை எட்டும் முன்பே உடலில் டோபமைனாக மாறி வீணாவதோடு, குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும். அந்த மாற்றத்தைத் தடுக்கவே கார்பிடோபா சேர்க்கப்படுகிறது. அட்டையில் உள்ள 110 என்பது 100 மில்லிகிராம் லெவோடோபாவும் 10 மில்லிகிராம் கார்பிடோபாவும் சேர்ந்தது. 'பிளஸ்' என்று அச்சிட்டிருந்தால் 100-உடன் 25. 275 என்றால் 250-உடன் 25. வெளியே நடக்கும் அந்த மாற்றத்தை நன்றாகத் தடுக்க, பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை கார்பிடோபா தேவைப்படுகிறது. சிண்டோபா 110 மூன்று வேளை எடுப்பவருக்குக் கிடைப்பது வெறும் 30. உங்கள் தந்தையின் குமட்டலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அடுத்த முறை போகும்போது, லெவோடோபாவின் அளவு மாறாமல் கார்பிடோபா கூடுதலாக உள்ள மாத்திரை இவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பெயர்கள் இப்படி ஒன்றுபோல் இருப்பதால் கடையிலும் கவனம் வேண்டும். எழுதித் தந்தது இல்லை என்று சொல்லி 'இதுவும் சிண்டோபாதான்' என வேறொன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள்; பெயரோடு எண்ணையும் அட்டையின் பின்புறத்தில் உள்ள இரண்டு அளவுகளையும் படித்துப் பார்த்தே வாங்குங்கள். 'சி.ஆர்.' என்று போட்டிருப்பது மெதுவாகக் கரையும் வகை. அதைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மருந்து ஒரே நேரத்தில் மொத்தமாக இறங்கிவிடும். சாதாரண மாத்திரைக்குப் பதிலாக அதே அளவு சி.ஆர். மாத்திரை என்று நீங்களாக மாற்றவும் கூடாது, ஏனெனில் அதிலிருந்து உடலில் சேரும் மருந்தின் பங்கு குறைவு.

அடுத்தது நேரம். கார்பிடோபாவுடன் எடுத்தாலும் லெவோடோபாவின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் எஞ்சியிருக்கும் செல்கள் கிடைத்த டோபமைனைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடுவதால், ஒரு வேளை அரை மணி முன்பின் ஆனாலும் பெரிய வேறுபாடு தெரியாது. செல்கள் குறையக் குறையச் சேமிப்பும் குறையும். அப்போது மாத்திரை எடுத்த நேரத்தை உடலே காட்டிக்கொடுக்கத் தொடங்கும். அடுத்த வேளைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே கால் இழுக்கிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சிலருக்குக் காரணமில்லாத பதற்றமும் வியர்வையும் வருகிறது என்பார்கள். 'மூன்று வேளை' என்று சீட்டில் இருந்தால் நம் வீடுகளில் அது காலை, மதியம், இரவுச் சாப்பாட்டு நேரமாகத் தானாகவே மாறிவிடுகிறது. உங்கள் மருத்துவரிடம் வேளையைக் கேட்காதீர்கள், மணியைக் கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்துக்குக் கைப்பேசியில் மணி வையுங்கள். ஒரு வேளை தவறினால், நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிட்டு வழக்கம்போல் தொடரலாம். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

மதிய மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதற்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் சொல்லும் முறைக்கு மிகவும் பொருந்தும் காரணம் ஒன்று உண்டு. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். நாம் உண்ணும் புரதம் செரிக்கும்போது வெளிவரும் அமினோ அமிலங்களில் சிலவும் லெவோடோபாவும் குடலைக் கடப்பது ஒரே வாசல் வழியாக. பின்னர் இரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதும் அப்படிப்பட்ட ஒரே வாசல் வழியாகவே. கூட்டம் அதிகமானால் மாத்திரை வெளியே நின்றுவிடும். காலையில் காப்பியும் இரண்டு இட்லியும் சாப்பிட்டபின் எடுத்த மாத்திரை எப்படியோ உள்ளே போய்விடுகிறது. மதியம் பருப்பு, கெட்டிச் சாம்பார், முட்டை அல்லது மீன், கடைசியில் தயிர் என்று நிறைவாகச் சாப்பிட்டபின் எடுத்தது போவதில்லை. அதோடு, பார்க்கின்சன் நோயில் இரைப்பையே மெதுவாகக் காலியாகும். லெவோடோபா உறிஞ்சப்படுவது சிறுகுடலில். நிறைந்த வயிற்றில் மாத்திரை சோற்றோடு சோறாக ஒரு மணி நேரம் கிடந்தால், விழுங்கியும் விழுங்காத மாதிரிதான்.

ஆகவே பொதுவாகச் சொல்லப்படும் வழி, சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தோ, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு எடுப்பது. பாலோடு வேண்டாம், ஊட்டச்சத்துப் பவுடர் கலந்த பானத்தோடு கட்டாயம் வேண்டாம். உங்கள் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. மருந்தைத் தொடங்கும்போது குமட்டல் வராமலிருக்கப் பல மருத்துவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். சில மாதங்களில் உடல் பழகியபின் அதை மாற்றலாம், ஆனால் யாராவது நினைவுபடுத்திக் கேட்டால்தான் மாறும். வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டுகிறது என்றால் இரண்டு ரஸ்க்கோ, சில பிஸ்கட்டோ, ஒரு வாழைப்பழமோ சேர்த்து எடுக்கலாம். இவற்றில் புரதம் குறைவு. ஒரு வாரம் மதிய மாத்திரையை மட்டும் இப்படி முன்னால் நகர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தால், என் ஊகம் சரியா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டுப் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். பார்க்கின்சன் நோயாளிகள் பலர் எடை இழப்பவர்கள். புரதம் குறைந்தால் தசை கரையும், தசை கரைந்தால் விழுவார்கள். பகலில் புரதத்தைக் குறைத்து இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளும் முறை ஒன்று உண்டு; மருந்தின் விளைவு மேலும் கீழுமாகப் போகும் நிலையில் உள்ள சிலருக்கு அது உதவுகிறது, எல்லோருக்கும் தேவையில்லை. உணவு ஆலோசகரின் துணையோடுதான் அதைச் செய்ய வேண்டும். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவராக இருந்தால், இரும்பு லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். வைட்டமின் பி6 சேர்ந்த சத்து மாத்திரை ஆகாது என்ற பழைய எச்சரிக்கை, லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்த காலத்துக்கு உரியது. கார்பிடோபா சேர்ந்த மாத்திரைக்கு வழக்கமான அளவு பி6 தடையல்ல. மலச்சிக்கலை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மலமிளக்கி என்று அதைச் சரிசெய்தபின் மாத்திரை முன்பைவிட நன்றாகக் கேட்கிறது என்று சொல்பவர்கள் உண்டு.

குமட்டலுக்குக் கடையில் வாங்கும் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. உங்கள் கேள்வியில் என்னை உண்மையாகவே கவலைப்படவைத்தது அதுதான். வாந்தியை நிறுத்தும் பழைய மருந்துகளில் பல, மூளையில் டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைத்தே வாந்தியை நிறுத்துகின்றன. மெட்டோகுளோபிரமைடும் புரோகுளோர்பெரசினும் அந்த வகை. பார்க்கின்சன் இல்லாதவருக்கே அவை நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரக்கூடும். உள்ளவருக்குக் கொடுப்பது, ஒரு கையால் சிண்டோபாவைக் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. இவற்றைவிடக் கண்ணில் படாமல் நுழைவது லெவோசல்பிரைடு. நம் நாட்டில் இது தனியாக வருவதைவிட, ரபிபிரசோல், பேண்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்தோடு ஒரே கேப்ஸ்யூலில் சேர்ந்து 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் வீட்டுக்குள் வருகிறது. மாதக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டே, நோய் முற்றுகிறது என்று எண்ணிச் சிண்டோபாவைக் கூட்டக் கேட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைசுற்றலுக்குத் தரப்படும் சின்னரிசினும், ஒற்றைத் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் தரப்படும் ஃபுளுனரிசினும்கூட நெடுநாள் எடுத்தால் இதே கெடுதலைச் செய்யும்.

மூளைக்குள் பெரிதும் நுழையாததால் பார்க்கின்சன் நோயாளிகளின் குமட்டலுக்கு மருத்துவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பது டோம்பெரிடோன். அதையும் நீங்களாக வாங்காதீர்கள். இதயத் துடிப்பின் ஒழுங்கை அது பாதிக்கக்கூடும். இதய நோய் உள்ளவர்களுக்கும் சில ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடும். ஆகவே குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. பார்த்தபின்தான் தர வேண்டும். இன்றே வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் எடுத்து, மருந்தின் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைப் படியுங்கள். மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தால் சிண்டோபாவை எழுதித் தரும் மருத்துவரை உடனே கேளுங்கள். நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த 'ஐந்து ஆண்டு' பேச்சு. உங்கள் உறவினர் அதைக் கற்பனை செய்யவில்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படி நம்பினார்கள். லெவோடோபா மூளைச் செல்களுக்கு நஞ்சாகலாம், முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும் என்று கருதினார்கள். 1957இல் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன், டோபமைனைத் தீர்த்துவிடும் ரெசர்பின் என்ற மருந்தால் அசைவற்றுப்போன முயல்களை லெவோடோபா எழுந்து நடக்கவைப்பதைக் காட்டினார். 1961இல் வியன்னாவில் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 1967இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கோட்சியாஸ், வாய்வழியாகச் சிறிது சிறிதாக அளவைக் கூட்டிக் கொடுத்து நிலையான பலன் கண்டார். சில ஆண்டுகள் கழித்து அந்த நோயாளிகளுக்குத் தாமாக நெளியும் அசைவுகளும் விளைவின் ஏற்ற இறக்கமும் வரத் தொடங்கியபோது, பழி மருந்தின் மேல் விழுந்தது.

பின்வந்த ஆய்வுகள் அந்தப் பழியைப் பெருமளவு நீக்கிவிட்டன. 2004இல் வெளியான, 361 நோயாளிகள் பங்குகொண்ட அமெரிக்க–கனடிய ஆய்வில், நாற்பது வாரம் லெவோடோபா எடுத்தவர்கள், மருந்தை இரண்டு வாரம் நிறுத்திவைத்துப் பார்த்தபோதும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட நல்ல நிலையிலேயே இருந்தார்கள். 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு உடனே தொடங்கியவர்களையும் நாற்பது வாரம் தாமதித்துத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டது. முடிவில் இரு பிரிவினரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுவது 2014இல் வெளிவந்த கானா–இத்தாலி ஒப்பீடு. கானாவில் மருந்து எளிதில் கிடைக்காததால் நோயாளிகள் இத்தாலியரைவிடத் தாமதமாகவே லெவோடோபாவைத் தொடங்கினார்கள். தாமதம் நல்லது என்றால் அவர்களுக்குச் சிக்கல்கள் பிந்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, நோய் தொடங்கி ஏறத்தாழ அதே காலத்தில்தான் அவர்களுக்கும் வந்தன. அதாவது காலக்கெடு பெரிதும் நோயினுடையது, மருந்தினுடையது அன்று.

இதில் ஐயத்துக்கு இடமுள்ள பகுதியையும் சொல்ல வேண்டும். எடைக்கு ஒப்பிட்டு அளவு கூடினால் நெளியும் அசைவுகள் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்பது அதே ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆகவே தேவைக்கு மேல் கூட்டுவது சரியன்று. லெவோடோபா நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்பதற்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை. அது அறிகுறிகளைத்தான் குறைக்கிறது. ஆனால் விறைப்போடு உட்கார்ந்தே இருப்பவர் தசை வலுவை இழக்கிறார், விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார், நான்கு பேரோடு பழகுவதை விட்டுவிடுகிறார். பின்னாளுக்கு மிச்சம் பிடிப்பதாக எண்ணி இன்று ஒரு வேளையை விடுபவர், பின்னாளுக்கு எதையும் சேர்ப்பதில்லை. இன்றைய நடையை மட்டும் இழக்கிறார். உங்கள் தந்தையிடம் இதை வாதமாகச் சொல்லாமல், மருத்துவர் வாயால் சொல்லவைப்பது நல்லது. இந்த வயதில் பிள்ளைகள் சொல்வதைவிட அது எடுபடும்.

வேளைகளை விடுவதைவிட அபாயமானது திடீரென்று முழுவதும் நிறுத்துவது. சில நாளில் கடும் விறைப்பு, அதிகக் காய்ச்சல், குழப்பம், நினைவு தடுமாறல், தசைச் சிதைவால் சிறுநீரகப் பாதிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரக்கூடும். இது அரிது, ஆனால் வருவது பெரும்பாலும் மருந்து தீர்ந்துபோன வெளியூர்ப் பயணத்திலோ, வேறு ஏதோ நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போதோதான். எப்போதும் பத்து நாள் மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடம் முதல் வாக்கியமாகப் பார்க்கின்சன் என்பதைச் சொல்லுங்கள். வாய்வழியாக எதுவும் கூடாது என்ற அறிவுறுத்தல் சிண்டோபாவுக்கும் பொருந்துமா, எத்தனை மணி வரை ஒரு மடக்குத் தண்ணீரோடு எடுக்கலாம், விழுங்க முடியாவிட்டால் குழாய் வழியாகத் தருவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வார்டில் மருந்து வண்டி வரும் நேரமும் உங்கள் தந்தையின் மாத்திரை நேரமும் ஒத்துப்போவது அரிது. செவிலியரிடம் சொல்லி மாத்திரையைப் படுக்கை அருகிலேயே வைத்திருக்க அனுமதி கேளுங்கள்.

பூனைக்காலி பற்றி நான் ஏளனமாக எதுவும் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அதில் இருப்பது மெய்யான லெவோடோபாவே. 1937இல் சென்னையில் பணியாற்றிய தாமோதரன், இராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அதன் விதையிலிருந்து அந்த வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். பார்க்கின்சனுக்கு லெவோடோபா மருந்தாவதற்குக் கால் நூற்றாண்டு முந்தைய செய்தி இது. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளை வைத்து நடந்த சிறு ஆய்வில், பூனைக்காலி விதைத் தயாரிப்பு வழக்கமான மாத்திரையைவிட விரைவாகவும் வேலை செய்தது. இதிலிருந்து 'இயற்கையானது, பக்கவிளைவு இல்லை' என்று முடிவு செய்வதுதான் பிழை. அது லெவோடோபா என்றால் லெவோடோபாவின் பக்கவிளைவுகளும் அதற்கு உண்டு. விதைக்கு விதை, பொடிக்குப் பொடி அளவு மாறும். ஒரு தேக்கரண்டியில் எத்தனை மில்லிகிராம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, மருத்துவராலும் சொல்ல முடியாது. கார்பிடோபாவும் அதில் இல்லை, ஆகவே குமட்டல் அதிகமாகவே வாய்ப்பு. மருத்துவரிடம் சொல்லாமல் சிண்டோபாவோடு அதையும் சேர்த்தால், அவர் ஓர் அளவு நினைத்து எழுத, உடலில் வேறோர் அளவு இருக்கும். பூனைக்காலியை எடுத்தே ஆக வேண்டும் என்று உங்கள் தந்தை விரும்பினால், முதலில் நரம்பியல் மருத்துவருக்குத் தெரியட்டும்.

பக்கவிளைவுகளில் வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டிய முதலாவது, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவது. நோயும் அதைச் செய்யும், லெவோடோபாவும் செய்யும், முன்பிருந்தே எடுக்கும் பி.பி. மாத்திரையும் செய்யும், மூன்றும் சேரும்போது குளியலறையில் விழுவார். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் அளந்து பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். பல நேரங்களில் பழைய பி.பி. மாத்திரையைக் குறைப்பதே போதுமானதாக இருக்கும். அதையும் அவர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். சிறுநீரோ வியர்வையோ சற்றுக் கருமையாக மாறினால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம்.

இல்லாத ஆள் இருப்பதாகவும், பூச்சி ஊர்வதாகவும் சொல்லத் தொடங்கினால் அது முதுமை என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று இருக்கலாம். நடுக்கத்துக்காகத் தரப்படும் டிரைஹெக்சிபெனிடில் காரணமாக இருக்கலாம். வயதானவர்களுக்கு அந்த மாத்திரை மறதி, குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று பலவற்றைக் கொண்டுவரும். அதையும் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இப்படி இல்லாததைக் காணும் பிரமைக்கு, டோபமைனை அடைக்கும் ஹாலோபெரிடால் ஊசி போட முனைந்தால், பார்க்கின்சன் நோயாளி என்று நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். அது விறைப்பைக் கடுமையாக்கும். தேவைப்பட்டால் குவெட்டியாபைன், குளோசபைன் போன்றவற்றைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

பின்னாளில், மூளையில் டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகளைச் சேர்த்தால், குடும்பத்தார் கூச்சத்தால் மறைக்கும் ஒன்றைப் பற்றி இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இவற்றை எடுக்கும் சிலருக்குச் சூதாட்டம், கட்டுப்பாடில்லாத செலவு, அளவுமீறிய காம நாட்டம், தீனி வெறி வரும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட 2010ஆம் ஆண்டு ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதத்தினரிடம் இத்தகைய ஏதோ ஒன்று காணப்பட்டது. எடுக்காதவர்களிடம் 7 சதவீதம். அறுபது வயதுவரை சீட்டைத் தொடாதவர் நள்ளிரவில் கைப்பேசி ரம்மியில் ஓய்வூதியத்தைக் கரைத்தால் அது குணக்கேடு அன்று, மருந்து. மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். பார்க்கின்சனுக்கே தரப்படும் ராசகிலின், செலிஜிலின் சேர்த்தால், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் மருந்தும், டிரமடால், பெத்திடின் ஆகிய வலி மருந்துகளும் கூடாது. மனச்சோர்வு மாத்திரையும் மருத்துவருக்குத் தெரியாமல் சேரக்கூடாது.

அடுத்த சந்திப்புக்கு முன் மூன்று நாள் மட்டும் ஒரு தாளில் மணிவாரியாகக் குறியுங்கள்: மாத்திரை எடுத்தது, சாப்பிட்டது என்ன, உடல் இளகிய நேரம், மீண்டும் இறுகிய நேரம். மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது வரும் நெளிவையும், மாத்திரை இறங்கியபின் வரும் நடுக்கத்தையும் வீட்டார் ஒன்றாகவே 'ஆட்டம்' என்பார்கள். முதலாவதற்கு அளவைக் குறைக்க நேரலாம், இரண்டாவதற்குக் கூட்டவோ நெருக்கவோ நேரலாம். இரண்டையும் கைப்பேசியில் நேரம் தெரியும்படி அரை நிமிடம் படம் பிடித்துக் காட்டினால், மருத்துவருக்கு உங்கள் விவரிப்பைவிட அது பயன்படும். இடையில் காய்ச்சலோடு கடும் விறைப்பு, திடீர்க் குழப்பம், விழுங்க முடியாமை, எழுந்தவுடன் நினைவிழந்து விழுதல், நிற்காத வாந்தியால் இரண்டு வேளை மாத்திரை உள்ளே தங்காமை ஆகியவற்றில் எது வந்தாலும், சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்காமல் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.